பொடித் தூசியை எதை வைத்து அளப்பது? டார்ச்சா, மீட்டரா, பம்பா, ஆய்வகச் சோதனையா?

காரைக்குடியில் மசாலா அரைத்து பாக்கெட் போடும் ஒருவரும், ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் ஒருவரும் கொஞ்ச நாள் இடைவெளியில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் தூசி எழும்புகிறது, வேலை செய்கிறவர்கள் இருமுகிறார்கள், ஏதாவது செய்யத்தான் வேண்டும், ஆனால் செலவில் இறங்குவதற்கு முன்னால் எவ்வளவு தூசி என்று அளந்து பார்க்க நினைக்கிறோம், எந்த முறை நல்லது? ஒருவரிடம் மீட்டர் விற்க ஆள் வந்திருக்கிறார். இன்னொருவரிடம் ஆய்வகக்காரர்கள் ஆளுக்கு ஆள் பம்ப் மாட்டித்தான் அளக்க வேண்டும் என்று விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். கலர் பொடி கொடுக்கிறவரோ "எங்க பொடி தூசி கம்மி, டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கு" என்று ஒரு தாளைக் காட்டியிருக்கிறார்.

மூன்று பேரும் தூசி அளவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் மூவரும் அளக்கிற பொருள் வேறு வேறு. அதைப் பிரிக்காமல் விலையை மட்டும் ஒப்பிட்டால் பணம் போகும், இருமல் போகாது.

## முதலில் உங்கள் கேள்வி எது?

பொடியைப் பற்றிய கேள்வி ஒன்று. இரண்டு பொடிகளை ஒரே மாதிரி கொட்டினால் எது அதிகமாகப் பறக்கும்? இதற்கு விடை "ஒரு கிலோ பொடிக்கு இத்தனை மில்லிகிராம் தூசி" என்று வரும்.

ஆளைப் பற்றிய கேள்வி இன்னொன்று. சல்லடை போடுகிற அக்கா காலையிலிருந்து சாயங்காலம் வரை இழுக்கிற காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது? இதற்கு விடை "ஒரு கன மீட்டர் காற்றுக்கு இத்தனை மில்லிகிராம்". சட்டமும் மருத்துவமும் பேசுவது இந்த எண்ணைத்தான்.

மூன்றாவது, வேலையைப் பற்றியது. எந்த நேரத்தில், எந்தக் கை அசைவில் தூசி கிளம்புகிறது? மூட்டை வாயைப் பிரிக்கும்போதா, கொட்டும்போதா, காலிச் சாக்கை உதறி மடிக்கும்போதா? சிறு பட்டறைகளில் பணத்தை மிச்சப்படுத்துவது பெரும்பாலும் இந்த மூன்றாவது கேள்விதான், ஆனால் இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

கிலோவுக்கு மில்லிகிராம் என்ற எண்ணைக் கன மீட்டருக்கு மில்லிகிராமாக மாற்ற நேரான சூத்திரம் எதுவும் கிடையாது. ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை, எவ்வளவு உயரத்திலிருந்து கொட்டுகிறார்கள், ஃபேன் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, கொட்டகை எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று எல்லாம் நடுவில் வந்து நிற்கும். தூசி கம்மியான பொடியைத் தலைக்கு மேலிருந்து கொட்டினால், தூசி அதிகமான பொடியைத் தொட்டிக்குள் சாய்த்து மெதுவாக இறக்குவதைவிட மோசமாக இருக்கலாம்.

## எதையெல்லாம் வைத்து ஒப்பிடப் போகிறோம்

மேலே சொன்ன மூன்றில் எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்பதுதான் முதல் அளவுகோல். அடுத்தது, எந்த அளவுத் துகளைப் பிடிக்கிறது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் மசாலாவுக்கும் மணலுக்கும் வழி பிரிவது இங்கேதான்.

தொழிற்சுகாதாரத்தில் தூசியை உடம்புக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்து மூன்றாகப் பிரிக்கிறார்கள். மூக்கு, வாய் வழியாக உள்ளே போகக்கூடியது எல்லாம் ஒரு வகை, இதில் 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையான துகள்களும் சேரும். தொண்டையைத் தாண்டி மூச்சுக்குழாய் வரை போவது இரண்டாவது, அதற்கு நடு எல்லை 10 மைக்ரான். நுரையீரலின் காற்றறைகள் வரை போய்விடுவது மூன்றாவது, நடு எல்லை 4 மைக்ரான். ஐ.எஸ்.ஓ 7708 என்ற சர்வதேசத் தரமும் ஐரோப்பாவின் ஈ.என் 481 தரமும் இந்தப் பிரிவைத்தான் சொல்கின்றன. மிளகாய்ப் பொடி மூக்கிலும் தொண்டையிலும் எரிகிறது, அங்கே முதல் வகையை அளக்க வேண்டும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் வேறு மாதிரி: மூக்கு எரியாது, கண் கலங்காது, ஆனால் அந்த 4 மைக்ரான் தூசி வருஷக்கணக்கில் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் ஆகிறது, வந்த பிறகு திரும்பாது. மிளகாய் அரைக்கிற இடத்தில் தும்மல் உடனே எச்சரிக்கிறது, மணல் சலிக்கிற இடத்தில் எச்சரிக்க எதுவும் இல்லை. ஆகவே டைல்ஸ் பட்டறைக்காரருக்கு "எங்க ஆளுங்களுக்கு ஒண்ணும் பண்ணலையே" என்பது விடை ஆகாது.

மூன்றாவது அளவுகோல், வருகிற எண்ணை ஏதாவது ஒரு வரம்போடு ஒப்பிட முடியுமா என்பது. நான்காவது, விலைப்பட்டியலில் எழுதாத வேலை எவ்வளவு. ஐந்தாவதாக நம்ம ஊர் காற்றும் பருவமும், இதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

## டார்ச் வெளிச்சம்

வளவு வீட்டில் ஓட்டு இடுக்கு வழியாக ஒரு கீற்று வெயில் இறங்கும்போது, அதற்குள் மட்டும் தூசி மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தூசி வீடு முழுக்க இருக்கிறது, கீற்றுக்கு வெளியே கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். இதையே ஒரு முறையாக வைத்து பிரிட்டனின் தொழிலகப் பாதுகாப்பு நிர்வாகம் எம்.டி.எச்.எஸ் 82 என்ற வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. வெளிச்சம் சிதறுவதை 19-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த ஜான் டிண்டல் பெயரால் டிண்டல் கற்றை என்பார்கள்.

செய்வது எளிது. கொட்டகையைக் கொஞ்சம் இருட்டாக்குங்கள், அல்லது விளக்கு வைக்கும் நேரத்தில் செய்யுங்கள். குறுகலான, பலமான கற்றை தரும் எல்.இ.டி டார்ச் ஒன்றை, வேலை செய்கிறவருக்குப் பின்பக்கமாக, வெளிச்சம் உங்களை நோக்கி வரும்படி வைக்கவும். விளக்கு நேராகக் கண்ணில் அடிக்காதபடி நடுவில் ஒரு அட்டை. நுண்ணிய துகள்கள் வெளிச்சத்தை முன்பக்கமாகத்தான் அதிகம் சிதறடிக்கும், அதனால் விளக்குப் பக்கம் நின்று பார்த்தால் பாதி தெரியாது, எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். போனில் வீடியோ எடுங்கள்.

எண் கிடைக்காது. அளவு சொல்ல முடியாது, சட்டத்துக்குக் காட்ட முடியாது. ஆனால் சில நூறு ரூபாய் செலவில் மூன்றாவது கேள்விக்கு இதைவிட நல்ல விடை எந்தக் கருவியும் தராது. காலிச் சாக்கை நெஞ்சோடு அணைத்து மடிக்கிறவர் முகத்துக்கு நேராக ஒரு மேகம் எழுவதை அவரே வீடியோவில் பார்த்தால், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மறைந்த செலவு என்று பார்த்தால் பொறுமைதான்: ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக, வழக்கமான வேகத்திலேயே செய்யச் சொல்லி எடுக்க வேண்டும். கேமராவைப் பார்த்ததும் எல்லோரும் மெதுவாகக் கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

## உடனடி எண் காட்டும் மீட்டர்

கையில் பிடிக்கிற அளவுக்கு ஒரு பெட்டி, உள்ளே லேசர், காற்றை இழுத்து அதில் இருக்கும் துகள்கள் எவ்வளவு வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன என்று பார்த்து நொடிக்கு நொடி எண் காட்டும். பார்க்கப் பார்க்க ஆசை வரும் கருவி. அதனால்தான் எச்சரிக்கையும் இங்கே அதிகம் தேவை.

அது தூசியை எடை போடுவதில்லை. வெளிச்சத்தை அளந்து எடையை ஊகிக்கிறது. இந்த வகை மீட்டர்களைத் தொழிற்சாலையில் பெரும்பாலும் அரிசோனா மண் தூசி என்ற ஒரு தரப் பொடியை வைத்துச் சரி செய்திருப்பார்கள். உங்கள் பட்டறையில் பறப்பது அரிசோனா மண் இல்லை. கொத்தமல்லித் தூள் பெரிய, லேசான துகள். இரும்பு ஆக்சைடு கலர் மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் கட்டி கட்டியாக ஒட்டியது. சிவகங்கைப் பக்கம் எடுக்கிற கிராஃபைட் மாதிரிக் கறுப்புப் பொடி என்றால் வெளிச்சத்தைச் சிதறடிப்பதைவிட விழுங்குவது அதிகம், மீட்டர் குறைத்துக் காட்டும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வித்தியாசம் சாதாரணம். ஈரக்காற்றில் சில பொடிகள் தண்ணீரை உறிஞ்சிப் பருத்து, எண்ணைக் கூட்டியும் காட்டும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அடுத்த பகுதியில் வரும் பம்ப்–ஃபில்டர் முறையை மீட்டருக்குப் பக்கத்திலேயே வைத்து ஒரே நேரத்தில் ஓட்டவும். மீட்டரின் சராசரி 1 மில்லிகிராம், ஃபில்டர் எடை சொல்வது 2.5 என்றால், அந்தப் பொடிக்கு, அந்த வேலைக்கு, மீட்டர் காட்டுவதை 2.5-ஆல் பெருக்கிக்கொள்ளலாம். பொடி மாறினால் இந்தப் பெருக்கு எண்ணும் மாறும், மிளகாய்க்கு எடுத்ததை மஞ்சளுக்குப் போட முடியாது. மீட்டர் விற்க வருகிறவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், பதிலிலேயே அவருக்கு விஷயம் தெரியுமா என்று தெரிந்துவிடும்.

ஆன்லைனில் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் பிஎம் 2.5 (2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகள்) பெட்டிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவை வீட்டுக் காற்று, புகை போன்ற நுண்ணிய துகள்களுக்காகச் செய்தவை. மசாலா மில்லின் தூசியில் எடை எல்லாம் பெரிய துகளில்தான் இருக்கிறது, அந்தப் பெட்டி அதைப் பார்ப்பதே இல்லை. ஆள் தும்மிக்கொண்டிருப்பார், பெட்டி பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருக்கும். மேலோட்டமாக ஒப்பிட, அதாவது நேற்றைவிட இன்று கூடியதா குறைந்ததா என்று பார்க்க, ஓரளவுக்கு உதவலாம். ஆனால் அந்த எண்ணை நம்பி "பாதுகாப்பு" என்று சொல்லிவிடாதீர்கள்.

தொழிலகத்துக்கான நல்ல மீட்டர் லட்சங்களில் போகும், வருஷா வருஷம் சர்வீசுக்கு அனுப்ப வேண்டும், அது திரும்பி வரும் வரை கையில் கருவி இருக்காது. சிறு பட்டறை சொந்தமாக வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, வீடியோவோடு நேரம் பொருத்தி ஓட்டினால் அதன் முழுப் பலன் கிடைத்துவிடும்: எண் எகிறுகிற நொடியில் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்க்கலாம். உறிஞ்சு விசிறி பொருத்துவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடவும் இதுதான் வசதி, அங்கே எண்ணின் சரித்தன்மையைவிட வித்தியாசம்தான் முக்கியம்.

## ஆள் மேல் மாட்டும் பம்ப்

இடுப்பில் ஒரு சிறு பம்ப், அதிலிருந்து ஒரு குழாய், சட்டைக் காலரில் மூக்கிலிருந்து சுமார் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபில்டர் தலை. முழு ஷிஃப்டும் அவர் வேலை செய்கிற இடத்துக்கெல்லாம் அது கூடவே போகும். சாயங்காலம் ஃபில்டரை எடுத்து எடை போட்டால், காலையில் இருந்ததைவிடக் கூடிய எடைதான் தூசி.

கணக்கு கஷ்டம் இல்லை. நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 8 மணி நேரம், அதாவது 480 நிமிடம் ஓடினால் 960 லிட்டர், 0.96 கன மீட்டர் காற்று. ஃபில்டர் 2.4 மில்லிகிராம் கூடியிருந்தால் கன மீட்டருக்கு 2.5 மில்லிகிராம். நுரையீரல் வரை போகும் தூசி மட்டும் வேண்டும் என்றால் முன்னால் சைக்ளோன் என்ற, காற்றைச் சுழற்றித் துகளைப் பிரிக்கும் சிறு கருவியை வைத்துப் பெரிய துகளைக் கீழே தள்ளிவிட்டு மிச்சத்தை மட்டும் பிடிப்பார்கள். ஒவ்வொரு சைக்ளோனுக்கும் அதற்கே உரிய காற்று வேகம் உண்டு, ஒன்றுக்கு 1.7 லிட்டர், இன்னொன்றுக்கு 2.2, வேறொன்றுக்கு 2.5. வேகம் தப்பினால் பிடிக்கிற துகள் அளவே மாறிவிடும்.

எடை மில்லிகிராம் கணக்கில் இருப்பதால் "நம்ம நகைக்கடைத் தராசிலேயே போட்டுப் பார்க்கலாமே" என்று கேட்டவர் உண்டு. தங்கம் நிறுக்கும் நல்ல தராசு ஒரு மில்லிகிராம் வரை காட்டும், இங்கே தேவைப்படுவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒரு மைக்ரோகிராம் வரை காட்டும் தராசு. ஈரம் கட்டுப்படுத்திய அறையில் ஃபில்டரை வைத்திருந்து, முன்னும் பின்னும் எடை எடுத்து, வேலைக்குப் போகாத வெற்று ஃபில்டர்களோடு ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்வார்கள்.

வரம்போடு ஒப்பிட முடிகிற ஒரே முறை இது. ஆனால் எந்த வரம்பு என்பதையும் பார்க்க வேண்டும். மாவுத் தூசிக்குப் பிரிட்டனின் வரம்பு 8 மணி சராசரியாகக் கன மீட்டருக்கு 10 மில்லிகிராம், அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர்களின் அமைப்பான ஏ.சி.ஜி.ஐ.எச் பரிந்துரைப்பது 0.5. இருபது மடங்கு வித்தியாசம்! நம் 2.5 ஒன்றில் பாஸ், இன்னொன்றில் ஃபெயில். மணலுக்கு வந்தால், இந்தியாவின் 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில், நுரையீரல் வரை போகும் தூசிக்கான வரம்பைக் குவார்ட்ஸ் சதவீதத்தோடு 2-ஐக் கூட்டி, அந்தத் தொகையால் 10-ஐ வகுத்து எடுக்கச் சொல்லியிருந்தது (அந்தச் சட்டம் 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்தது). பிடித்த தூசியில் 18 சதவீதம் குவார்ட்ஸ் என்றால் 10-ஐ 20-ஆல் வகுத்து 0.5 மில்லிகிராம். 48 சதவீதம் என்றால் 0.2-தான். ஆகவே மணல் புழங்குகிற இடத்தில் எடை மட்டும் போட்டால் வேலை முடியாது, குவார்ட்ஸ் எவ்வளவு என்றும் சோதிக்க வேண்டும், அதற்கு எக்ஸ்ரே விளிம்பு விலகலோ அகச்சிவப்புச் சோதனையோ தனியாகச் செய்ய வேண்டும், தனியாகப் பணமும் கேட்பார்கள். விலைப்பட்டியலில் இது இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் "தூசி" என்று மட்டும் போட்டிருக்கும்.

அடுத்த மறைந்த செலவு, ஒரு நாள் அளந்தால் போதாது என்பது. ஒரே ஆள், ஒரே வேலை, ஆனால் நாளுக்கு நாள் அளவு பல மடங்கு மாறும். ஐரோப்பாவின் ஈ.என் 689 தரம் (2018) ஒரே மாதிரி வேலை செய்கிறவர்களை ஒரு குழுவாக வைத்து, மூன்று அளவீடும் வரம்பில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால்தான் மூன்றோடு நிறுத்தலாம் என்கிறது. நான்கு என்றால் 15 சதவீதத்துக்குக் கீழே, ஐந்து என்றால் 20 சதவீதத்துக்குக் கீழே. அதற்கு மேல் இருந்தால் இன்னும் அளக்க வேண்டும். ஒரே ஒரு ஃபில்டரை வைத்து "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று எழுதித் தருகிற அறிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இந்த முறையின் குருட்டுப் பக்கம், சராசரி. மூட்டை கொட்டுகிற 20 நிமிடம் கன மீட்டருக்கு 30 மில்லிகிராம், மீதி 460 நிமிடம் அரை மில்லிகிராம் என்று வையுங்கள். நாள் சராசரி சுமார் 1.7-தான் வரும். அந்த 20 நிமிடம் எங்கேயோ ஒளிந்துவிடுகிறது. அதனால்தான் டார்ச் முதலில், பம்ப் பிறகு என்கிறேன்: எந்த வேலை மோசம் என்று தெரிந்த பிறகு, அந்த வேலைக்கு மட்டும் தனி ஃபில்டர் மாட்டச் சொல்லலாம்.

## பொடியையே சோதிக்கும் ஆய்வகச் சோதனை

கலர் பொடிக்காரர் காட்டிய தாள் இந்த வகை. ஐரோப்பியத் தரம் ஈ.என் 15051 (2006-இல் வந்தது, 2013-இல் மூன்று பாகமாகத் திருத்தப்பட்டது) இரண்டு வழி சொல்கிறது. ஒன்று சுழலும் உருளை: 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைக்குள் 35 கன சென்டிமீட்டர் பொடியைப் போட்டு, நிமிடத்துக்கு 4 சுற்று வீதம் ஒரு நிமிடம் சுற்றுவார்கள், உள்ளே இருக்கும் தடுப்புகள் பொடியை மேலே தூக்கித் தூக்கிப் போடும், நிமிடத்துக்கு 38 லிட்டர் காற்று அந்தத் தூசியை இழுத்துக்கொண்டு போய் இரண்டு நுரைத் தட்டு, ஒரு ஃபில்டர் என்று வரிசையாகப் பிடிக்கும். முன்னே சொன்ன மூன்று அளவுத் துகளும் இதில் தனித்தனியாகக் கிடைக்கும். இன்னொன்று தொடர்ந்து விழவிடும் முறை: செங்குத்துக் குழாயில் பொடி மேலிருந்து விழும், காற்று கீழிருந்து ஏறும். உருளை கலக்குவதைப் போன்றது, விழவிடுவது கொட்டுவதைப் போன்றது. நிறமிப் பொடிகளுக்கென்றே ஜெர்மனியின் டிஐஎன் 55992 என்ற தரமும் உண்டு, கலர் வியாபாரிகள் காட்டும் தாளில் அதுவும் இருக்கலாம்.

விடை கிலோவுக்கு மில்லிகிராம். உருளை முறையில், மூக்குவழி போகும் தூசி கிலோவுக்கு 5,000 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தப் பொடி "அதிகத் தூசி" வகை.

ஒரு முறையில் எடுத்த எண்ணை இன்னொரு முறையில் எடுத்ததோடு ஒப்பிடக் கூடாது. உருளையில் முதலிடம் வந்த பொடி, விழவிடும் முறையில் மூன்றாவது வரலாம். இரண்டு சப்ளையர் இரண்டு தாள் கொடுத்தால் முதலில் முறை ஒன்றா என்று பாருங்கள், பிறகு பொடியில் ஈரம் எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். கொஞ்சம் ஈரம் ஏறினாலே பல பொடிகள் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாகிவிடும். ரொம்ப நுண்ணிய பொடியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குறைவாகப் பறக்கலாம், ஆகவே "எங்களுடையது நைசானது, அதனால் தூசி அதிகம்" அல்லது "குறைவு" என்று துகள் அளவை மட்டும் வைத்து யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

வழக்கமான சுற்றுச்சூழல் ஆய்வகங்கள் செய்கிற சோதனை இது இல்லை. நீங்கள் பணம் போட்டுச் செய்யச் சொல்வதைவிட, விற்கிறவரிடம் கேட்டு வாங்குவதே வழி. பொடியை மாற்றும் முடிவு உங்கள் கையில் இருந்தால் மட்டும் இது பயன்படும். இரும்பு ஆக்சைடு கலரைத் தூளாகவும் குருணையாகவும் விற்கிறார்கள், குருணையில் தூசி வெகுவாகக் குறையும். ஆனால் ஆத்தங்குடி கல்லுக்குக் கலர் குழம்பைக் கையால் கலந்து கண்ணாடி மேல் ஊற்றுகிறார்கள், குருணை முழுதாகக் கரையாவிட்டால் கல்லின் முகத்தில் புள்ளி விழும். மாற்றுவதற்கு முன் சில கல் ஊற்றிப் பாருங்கள். காய்ந்த தூளுக்குப் பதிலாகக் கலரை முன்கூட்டியே தண்ணீரில் ஊறவைத்த குழம்பாக வைத்துக்கொள்வதும் அதே பலனைத் தரலாம்.

காரைக்குடி சிக்ரி மாதிரி ஆராய்ச்சிக் கூடங்களில் பேட்டரிப் பொருள்களைக் கிராம் கணக்கில் கையாள்கிறவர்களுக்கு 2019-இல் வந்த ஈ.என் 17199 தொடரில் மிகக் குறைந்த பொடியிலேயே செய்கிற முறைகள் இருக்கின்றன. மில்லுக்கும் பட்டறைக்கும் அது தேவையில்லை.

## ஒரே பார்வையில்

| | டார்ச் | மீட்டர் | பம்ப் | பொடிச் சோதனை |
|---|---|---|---|---|
| எந்தக் கேள்வி | வேலை | வேலை, முன்–பின் ஒப்பீடு | ஆள் | பொடி |
| விடை | வீடியோ | நொடிக்கு நொடி எண், திருத்தம் வேண்டும் | கன மீட்டருக்கு மில்லிகிராம் | கிலோவுக்கு மில்லிகிராம் |
| வரம்போடு ஒப்பிடலாமா | முடியாது | நேராக முடியாது | முடியும் | முடியாது |
| மறைந்த செலவு | இருட்டு, பொறுமை | சர்வீஸ், பக்கத்தில் ஒரு பம்ப் | பல நாள் அளவீடு, குவார்ட்ஸ் சோதனை | ஈரத் தகவல், தயாரிப்பில் மாற்றம் |
| எங்கே ஏமாற்றும் | அளவு தெரியாது | கறுப்புப் பொடி, பெரிய துகள், ஈரக்காற்று | குறுகிய நேர உச்சம் | உங்கள் கை வேலை அதில் இல்லை |

## பருவத்தை மறந்துவிடாதீர்கள்

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்த நேரம் ஆய்வகத்துக்குத் தேதி கிடைக்கிறது என்று அளந்தால், நல்ல எண் வரும், அது வருஷத்துக்கான எண் ஆகாது. பங்குனி, சித்திரையில் மிளகாய் மொறுமொறுவென்று காய்ந்து, வீட்டுக்காரர்கள் வருஷத்துக்கு வேண்டிய பொடியை அரைக்க வரிசையில் நிற்கும்போதுதான் மில்லின் மோசமான நாள். பம்ப் அளவீட்டில் ஒன்றாவது அந்த மாதத்தில் இருக்க வேண்டும். டைல்ஸ் கொட்டகைகள் பக்கம் திறந்தவை, அங்கே ஆடிக் காற்று தூசியை அள்ளிக்கொண்டு போய்விடும், அல்லது திசை மாறி அடுத்தவர் முகத்தில் கொட்டும். காற்றடங்கிய நாள் ஒன்றும் காற்றடிக்கும் நாள் ஒன்றும் சேர்த்து எடுத்தால்தான் படம் முழுசாகும்.

## உங்கள் நிலைமைக்கு எது?

மசாலா மில் என்றால் டார்ச்சில் ஆரம்பியுங்கள். மிளகாய் கொட்டும் வாய், பொடி விழும் சாக்கு, பாக்கெட் நிரப்பும் இடம் மூன்றையும் எடுத்துப் பாருங்கள். விழும் வாயில் துணிக்குழாய் கட்டுவது, சாக்கை உதறாமல் சுருட்டுவது, ஃபேனைத் திருப்புவது என்று காசில்லாத மாற்றங்களே பாதி வேலையை முடித்துவிடலாம். அதன் பிறகு பம்ப், மூக்குவழித் தூசிக்கான தலையோடு. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: மசாலாப் பொடி தீப்பிடிக்கக்கூடியது, மூடிய குழாயிலும் தூசிப் பையிலும் வெடிக்கவும் செய்யும். அதற்குத் தேவைப்படும் அடர்த்தி கன மீட்டருக்குப் பத்துக் கணக்கான கிராம், உடல்நல வரம்பைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. பம்ப் அறிக்கை நன்றாக இருக்கிறது என்பதால் வெடிக்காது என்று அர்த்தம் இல்லை, அது தனிச் சோதனை.

டைல்ஸ் பட்டறையில் கலர் மேல் தூவும் காய்ந்த சிமெண்டு–மணல் கலவையை நனைக்க முடியாது, கலரின் ஈரத்தை உறிஞ்சுவதே அதன் வேலை. ஆகவே சலிக்கும் இடத்தையும் தூவும் உயரத்தையும் டார்ச்சில் பாருங்கள். பம்ப் அளவீடு இங்கே கட்டாயம், சைக்ளோனோடு, குவார்ட்ஸ் சோதனையோடு. பணம் ஒரே ஒரு அளவீட்டுக்குத்தான் இருக்கிறது என்றால், எல்லோருக்கும் பொதுத் தூசி அளப்பதைவிட மணல் சலிக்கிற ஒருவருக்கு மட்டும் குவார்ட்ஸ் அளக்கச் சொல்வேன். சலிக்கிறவர் முகத்தைச் சுற்றி டார்ச்சில் மேகம் தெரிந்தால் அறிக்கை வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம், சல்லடைக்கு மூடி போடுங்கள், தரமான எஃப்.எஃப்.பி 2 முகமூடி கொடுங்கள். துணி கட்டிக்கொள்வது அந்த 4 மைக்ரானை நிறுத்தாது.

ஆற்று மணலை விட்டு எம்-சாண்டுக்கு மாற யோசிக்கிறவர்களுக்கு மட்டும் பொடி ஒப்பீடு பயன்படும், கல் உடைத்த மணலில் நுண்பொடி அதிகம் வருகிறது. ஆய்வகச் சோதனை கிடைக்காவிட்டால் கண்ணாடித் தொட்டி ஒன்றில் ஒரே எடை, ஒரே உயரம், ஒரே நாள் என்று இரண்டையும் கொட்டி டார்ச் வெளிச்சத்தில் வீடியோ எடுங்கள், தூசி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். எது மோசம் என்று மட்டும் தெரியும், எவ்வளவு மோசம் என்று தெரியாது. மணல் வாங்குகிற முடிவுக்கு அது போதும்.

உறிஞ்சு விசிறி பொருத்தப் போகிறவர்கள் மீட்டரை வாடகைக்கு எடுங்கள், பொருத்துவதற்கு முன் ஒரு நாள், பின் ஒரு நாள். விசிறிக்காரரிடம் மீதிப் பணத்தை அந்த இரண்டாவது நாளுக்குப் பிறகு கொடுக்கலாம்.

ஆய்வகத்தைக் கூப்பிடும்போது கேட்க வேண்டியவை: என்.ஏ.பி.எல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பு) அங்கீகாரத்தில் பணியிடக் காற்று அளவீடு இருக்கிறதா, வெளிக்காற்று மட்டும்தானா? பம்பின் காற்று வேகத்தை அளவீட்டுக்கு முன்னும் பின்னும் எங்கள் முன்னால் சோதிப்பீர்களா, 5 சதவீதத்துக்கு மேல் மாறினால் அந்த மாதிரியைத் தள்ளுவீர்களா? வெற்று ஃபில்டர் கொண்டு வருவீர்களா? பம்பை ஆள் மேல் மாட்டுவீர்களா, அல்லது ஸ்டாண்டில் ஓரமாக வைப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு "ஸ்டாண்டில்" என்று பதில் வந்தால் வேறு ஆய்வகம் தேடுங்கள்.